மெயில் ஐடி இருக்கு, சாவி யாரிடம்?

முக்கூடலில் இருந்து ஒரு அக்கா மகளோடு வந்திருந்தார். பீடி சுற்றுகிறவர். மகள் டிகிரி முடித்துவிட்டு ஒரு தனியார் கம்பெனியில் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். அங்கிருந்து போன் வந்ததாம். "மெயில் அனுப்பிப் பத்து நாளாச்சே, ஏன் பதில் போடல? வேற ஆளை எடுத்துட்டோமே" என்றார்களாம். மஞ்சள் பைக்குள் இருந்து கசங்கிய துண்டுச்சீட்டு ஒன்றை எடுத்து நீட்டினார் அக்கா.

"ஐடி இருக்கு தம்பி. காலேஜ்ல சேரும்போது பிரவுசிங் சென்டர்ல போட்டுக் குடுத்தாவ. நாங்க ஒருநாளும் தொறந்து பாத்ததில்ல."

சீட்டில் முகவரி இருந்தது, பாஸ்வேர்டு இல்லை. பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று அழுத்திப் பார்த்தோம். ஏதோ ஒரு போன் எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தைக் காட்டி, அதற்கு ஓடிபி அனுப்பட்டுமா என்று கேட்டது. அந்த வீட்டில் யாருக்கும் அப்படி ஒரு எண் கிடையாது. ஐடி போட்டுக் கொடுத்த பையனின் எண்ணாக இருக்கலாம். அந்தக் கடை இப்போது இல்லை. மகளுக்கு வந்த வேலைக் கடிதம் இன்றைக்கும் அந்தப் பெட்டிக்குள்தான் கிடக்கும்.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்கம்பக்கத்தாருக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கிறேன். வருகிறவர்களில் மெயில் ஐடி இல்லாதவர்கள் குறைவு. தன் ஐடியைத் தானே திறக்கத் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. டிஎன்பிஎஸ்சி பதிவுக்கு மெயில் ஐடி கேட்கிறார்கள், பாஸ்போர்ட்டுக்குக் கேட்கிறார்கள், ரயில் டிக்கெட் கணக்குக்கும் கேட்கிறார்கள். வரிசையில் இருபது பேர் நிற்கும்போது, கடைக்காரர் அந்தக் கட்டத்தை நிரப்பிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போகவே பார்ப்பார். சிலர் தங்கள் எண்ணைக் கொடுத்துப் புது ஐடி உண்டாக்குவார்கள், சிலர் தங்கள் சொந்த ஐடியையே போட்டுவிடுவார்கள். பட்டா ஒருத்தர் பேரில், பூட்டுச்சாவி இன்னொருத்தர் மடியில். ஆகவே இன்பாக்ஸ், டிராஃப்ட், ஸ்பேம் என்று சொல் பட்டியலை ஒப்பிக்க வைப்பதை நான் பாடத்தின் தொடக்கமாக வைத்துக்கொள்வதில்லை. அந்த முகவரி என்றால் என்ன, அது யாருடையது என்பதில் இருந்துதான் ஆரம்பிக்கிறேன்.

மெயில் முகவரியை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். நாம் தபால் பார்த்து வளர்ந்தவர்கள், அதனால் இது சுலபம். கடித உறையில் பெயரை மேலே எழுதுகிறோம், ஆனால் தபால்காரர் முதலில் பார்ப்பது அடியில் உள்ள பின்கோடு. 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்த முறை அது. 627002 என்று பார்த்ததும் கடிதம் பாளையங்கோட்டைப் பக்கம் வந்துவிடும். தெரு, வீட்டு எண், பெயர் எல்லாம் அதற்குப் பிறகுதான். மெயிலிலும் அதே ஒழுங்குதான். 'பாய்க்கடை@ஜிமெயில்.காம்' என்று ஒரு முகவரி இருந்தால் (நிஜத்தில் ஆங்கிலச் சின்ன எழுத்தில் எழுதுவோம்), @ குறிக்கு வலப்பக்கம் இருப்பது தபால் நிலையம், இடப்பக்கம் இருப்பது அந்த நிலையத்தில் உங்களுக்கென்று ஒதுக்கிய பெட்டி. ஒரே தபால் நிலையத்தில் ஒரே பெயரில் இரண்டு பெட்டி இருக்க முடியாது. நீங்கள் விரும்பிய பெயர் கிடைக்காமல் பின்னால் எண் சேர்க்கச் சொல்வது அதனால்தான்.

அந்த @ குறியை நம் ஊரில் 'அட் தி ரேட்' என்கிறோம். மொத்தக் கடைப் பில்லில் பத்து மூட்டை, மூட்டை இன்ன விலை என்று எழுதும்போது இடையில் போடும் குறிதான் அது. 1971-ல் அமெரிக்காவில் ரே டாம்லின்சன் என்ற பொறியாளர், ஒரு கம்ப்யூட்டரில் இருந்து இன்னொரு கம்ப்யூட்டரில் உள்ளவருக்குச் செய்தி அனுப்பும் வழியைச் செய்து பார்த்தார். இரண்டு இயந்திரமும் ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவை. ஆள் பெயரையும் இயந்திரத்தின் பெயரையும் பிரித்துக் காட்ட, யார் பெயரிலும் வராத ஒரு குறி வேண்டியிருந்தது. 'இன்ன இடத்தில் இருக்கிறார்' என்ற பொருளும் தரும் என்று இந்தக் குறியை எடுத்துக்கொண்டார். கடைக் கணக்கில் இருந்த குறி அப்படித்தான் உலகத்து விலாசங்களுக்குள் வந்தது.

முகவரியில் இடைவெளி கிடையாது, கமா கிடையாது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தை நடைமுறையில் யாரும் பார்ப்பதில்லை. ஜிமெயிலில் @ குறிக்கு முன்னால் வரும் புள்ளிகளுக்குக் கணக்கில்லை, போட்டாலும் விட்டாலும் ஒரே பெட்டிதான். மற்ற நிறுவனங்களில் புள்ளி மாறினால் ஆள் மாறலாம். ஓர் எழுத்து தப்பினால் இரண்டில் ஒன்று நடக்கும். அப்படி ஒரு பெட்டியே இல்லையென்றால், 'விலாசதாரர் இல்லை' என்று முத்திரை குத்திய கார்டு திரும்பி வருவது போல ஓர் ஆங்கில அறிவிப்பு உங்கள் பெட்டிக்கே வரும். பலர் அதை விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். அதைத் திறந்து பாருங்கள், எந்த முகவரிக்குப் போகவில்லை என்று அதிலேயே இருக்கும். இரண்டாவது நிலைமை மோசம். அந்தத் தப்பான முகவரி வேறொருவருடையதாக இருந்தால் கடிதம் சத்தமில்லாமல் அவரிடம் போய்ச் சேர்ந்துவிடும். போனில் முகவரி சொல்லும்போது ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

இனி சாவி. முதலில் ஒன்றைப் பார்த்துவிடுங்கள்: உங்களிடம் ஆண்ட்ராய்டு போன் இருந்தால், அநேகமாக அதில் ஏற்கெனவே ஒரு ஜிமெயில் ஐடி இருக்கும். பிளே ஸ்டோரைத் திறந்து மேலே வலது மூலையில் உள்ள வட்டத்தைத் தொட்டால் அந்த முகவரி தெரியும். போன் வாங்கிய கடையில் அவசரத்தில் போட்டுக் கொடுத்ததாக இருக்கலாம், மகனுடையதாகவும் இருக்கலாம். யாருடையது என்று தெரிந்துகொண்ட பிறகு புதிது போடுவதா, அதையே வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்யலாம். புதிது போட்டால், மீட்பு எண் (பாஸ்வேர்டு மறந்தால் ஓடிபி வரும் எண்) என்று கேட்கும் இடத்தில் உங்கள் சொந்த எண்ணையே கொடுங்கள். மாற்ற நினைக்காத எண்ணாக இருக்கட்டும். ரீசார்ஜ் செய்யாமல் சிம்மை விட்டுவிட்டால் கொஞ்ச நாளில் அந்த எண் வேறொருவர் கைக்குப் போகும், அதோடு ஓடிபியும் அங்கே போகும்.

பாஸ்வேர்டாகப் பிறந்த தேதி, பிள்ளை பெயர், வண்டி நம்பர் மூன்றும் வேண்டாம். தெருவில் எல்லோருக்கும் தெரிந்த தகவல் அவை. உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு வாக்கியத்தின் முதல் எழுத்துகளை எடுத்து, நடுவில் எண்ணும் குறியும் சேர்த்து நீளமாக வையுங்கள். எழுதி வைக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வீட்டு பீரோவில் பத்திரத்தோடு ஒரு நோட்டில் எழுதி வைப்பதில் தப்பில்லை என்பது என் எண்ணம். பிரவுசிங் சென்டர் நோட்டில் எழுதி வைப்பதுதான் ஆபத்து. ஓடிபியை யார் கேட்டாலும், பேங்க் என்று சொல்லிக் கேட்டாலும், சொல்லக் கூடாது.

இன்னொரு காரணத்துக்காகவும் ஐடியைத் திறந்து பழக வேண்டும். இரண்டு வருடம் யாரும் உள்ளே போகாத தனிநபர் கணக்குகளை அழிக்கும் நடைமுறையை கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கியது. கல்லூரியில் சேரும்போது போட்டுவிட்டு மறந்த ஐடிக்கு, படிப்பு முடிந்து வேலை தேடும் நாளில் உயிர் இருக்குமா என்பதே சந்தேகம்.

பொதுக் கம்ப்யூட்டரில் திறந்தால் லாகவுட் செய்யாமல், அதாவது கணக்கை விட்டு வெளியேறாமல், எழுந்திருக்காதீர்கள். மெயிலை எந்தக் கம்ப்யூட்டரிலும் இணையப் பக்கமாகத் திறக்கலாம் என்ற வசதியை உலகத்துக்குப் பரவலாகக் கொண்டுவந்தது 1996-ல் வந்த ஹாட்மெயில். அதை உருவாக்கிய இருவரில் ஒருவர் நம் நாட்டுக்காரரான சபீர் பாட்டியா. அதற்கு முந்தைய வருடம், 1995 ஆகஸ்ட் 15-ல்தான் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்திருந்தது. பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து மெயில் பார்க்க முடிந்தது இப்படித்தான். அந்த வசதியில் ஒரு குறையும் உண்டு. நீங்கள் ஜன்னலை மூடிவிட்டுப் போனாலும் கணக்கு திறந்தே இருக்கும், அடுத்து உட்காருகிறவர் உங்கள் பெட்டிக்குள் நேராக நுழைவார். 'பாஸ்வேர்டை நினைவில் வைக்கவா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். லாகவுட் செய்ய மறந்து வீட்டுக்கு வந்துவிட்டால் பதற வேண்டாம். போனில் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் உங்கள் சாதனங்களின் பட்டியல் இருக்கும். அங்கிருந்தே அந்தக் கம்ப்யூட்டரை வெளியேற்றலாம்.

"வாட்ஸ்அப் இருக்கே, இது எதுக்கு?" என்று பேரன் பேத்தி எடுத்தவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வாட்ஸ்அப்பில் அனுப்ப இருவரிடமும் அதே செயலி இருக்க வேண்டும். மெயிலுக்கு அப்படி ஒரு முதலாளி கிடையாது. 1982-ல் வகுத்த ஒரு பொது விதிப்படி எந்த நிறுவனத்தின் பெட்டியில் இருந்தும் எந்த நிறுவனத்தின் பெட்டிக்கும் கடிதம் போகும். நீங்கள் அனுப்பு என்று அழுத்தியதும் உங்கள் நிறுவனத்தின் கம்ப்யூட்டர், @ குறிக்கு வலப்பக்கம் இருக்கும் பெயரைப் பார்த்து, அதற்குரிய கம்ப்யூட்டர் எது என்று இணையத்தில் விசாரித்து அங்கே ஒப்படைத்துவிடும். பெறுகிறவர் போனை அணைத்துப் போட்டிருந்தாலும் கடிதம் அங்கே காத்திருக்கும். போன் எண் மாறினாலும் முகவரி மாறாது. யார், யாருக்கு, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு அனுப்பினார்கள் என்ற விவரம் கடிதத்தோடேயே நிற்கும். அலுவலகங்கள் மெயிலை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இதெல்லாம்தான் காரணம்.

எழுதி வைப்பதன் அருமையை நான் பத்தமடையில் பார்த்தேன். கோரைப் பாய் நெய்யும் குடும்பத்து லாத்தா ஒருவர் கல்யாணப் பட்டுப்பாய்க்கு ஆர்டர் எடுக்கிறார். பாயில் மாப்பிள்ளை, பெண் பெயரை நெய்து தருவது அங்கே வழக்கம். போனில் பெயர் கேட்டு நெய்து, ஒருமுறை ஓர் எழுத்து மாறிப்போய்ப் பாய் திரும்பி வந்துவிட்டது. பல நாள் உழைப்பு. அதில் இருந்து பெயரை மெயிலில் அனுப்பச் சொல்கிறார். வந்த மெயிலுக்கு, "இந்தப் பெயர்களைத்தான் நெய்யப் போகிறோம், சரிதானா?" என்று ரிப்ளை போட்டு, சரி என்று பதில் வந்த பிறகே தறியில் ஏற்றுகிறார்.

அவருடைய மெயிலை வைத்தே பல சொற்களைச் சொல்லிவிடலாம். புதுக் கடிதம் எழுதத் தொடங்கும் இடம் கம்போஸ். 'டு' என்பதில் பெறுநர் முகவரி. அடுத்து சப்ஜெக்ட். விண்ணப்பத்தில் 'பொருள்:' என்று எழுதுவோமே, அதுவேதான். இதை வெறுமையாக விடுகிறவர்கள்தான் அதிகம். ஒரு நாளைக்கு நூறு மெயில் வருகிறவர் பொருளைப் பார்த்துத்தான் எதை முதலில் திறப்பது என்று தீர்மானிப்பார். 'வணக்கம்' என்றோ 'அவசரம்' என்றோ எழுதினால் அவருக்கு ஒன்றும் விளங்காது. 'பட்டுப்பாய் ஆர்டர்: 1 பாய், தை 20-க்குள் வேண்டும்' என்று எழுதினால் திறக்காமலே பாதி விஷயம் தெரிந்துவிடும், ஆறு மாதம் கழித்துத் தேடினாலும் அகப்படும். உள்ளே மரியாதையாக ஒரு விளிப்பு, கேட்க வேண்டியது நாலு வரியில், கடைசியில் பெயர், ஊர், போன் எண். இந்த முடிவு வரிகள் முக்கியம். ஐடியை மட்டும் பார்த்து நீங்கள் யார் என்று அவருக்குத் தெரியாது. பாதியில் மின்சாரம் போனாலும் பயமில்லை. அதுவரை சேமிப்பான பகுதி டிராஃப்ட் என்ற இடத்தில் வரைவாக இருக்கும். தவறி அனுப்பிவிட்டால் ஜிமெயிலில் சில விநாடி அவகாசம் உண்டு, செட்டிங்ஸில் போய் அதை அதிகபட்சம் 30 விநாடியாக வைத்துக்கொள்ளலாம். அதற்குள் 'அன்டூ' அழுத்தினால் கடிதம் கைக்குத் திரும்பும்.

பாய் மாதிரிகளின் படத்தைக் கடிதத்தோடு சேர்த்து அனுப்புவது அட்டாச்மென்ட், இணைப்பு. பேப்பர் கிளிப் படம் போட்ட பொத்தான் அதற்குத்தான். ஜிமெயிலில் ஒரு மெயிலுக்கு 25 எம்பி வரை இணைக்கலாம். அந்த அளவுக்குச் சற்றுக் குறைவான கோப்புகூடச் சில நேரம் மறுபக்கத்தில் மறுக்கப்படுவது ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. மெயில் பிறந்தபோது ஆங்கில எழுத்துகளை மட்டும் சுமக்கத்தான் வடிவமைத்தார்கள். படத்தையும், ஏன், தமிழ் எழுத்தையும் அதில் ஏற்ற 1992-ல் தனி விதி வகுத்தார்கள். அதன்படி இணைப்பு முழுவதும் எழுத்துக்கோவையாக மாற்றப்பட்டுப் போகிறது. அப்போது எடை சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். வேலைக்கு அனுப்பும் பயோடேட்டாவைப் பிடிஎஃப் ஆக்கி, கோப்புக்கு உங்கள் பெயரையே வைத்து அனுப்புங்கள். 'ஸ்கேன் 0047' என்ற பெயரில் வருகிற கோப்பு யாருடையது என்று அங்கே ஒருவர் திறந்து பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சிசி, பிசிசி என்ற இரண்டைக் கண்டுதான் எல்லோரும் மிரள்கிறார்கள். நம் ஆட்களுக்கு இது தெரிந்த விஷயம். திங்கட்கிழமை கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலகத்துக்கு மனு எழுதிக் கொண்டுபோகிறவர்கள், அடியில் 'நகல்: வட்டாட்சியர்' என்று எழுதுவார்கள். மனு கலெக்டருக்கு, தகவலுக்காக ஒரு பிரதி வட்டாட்சியருக்கு. அதுதான் சிசி. கார்பன் காப்பி என்பதன் சுருக்கம். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் முடித்தவர்களுக்கு இரண்டு தாளுக்கு நடுவில் வைக்கும் அந்த நீலக் காகிதமும் விரலில் ஒட்டும் மையும் நினைவிருக்கும். பிசிசி என்பது மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் போகிற நகல்.

இந்த வேறுபாடு எங்கே முக்கியமாகிறது என்பதற்கு ஒரு கோயில் கொடைத் திருவிழாவைச் சொல்கிறேன். வரி வரவுசெலவுக் கணக்கை வெளியூரில் இருக்கிற நாற்பது குடும்பத்துக்கும் மெயிலில் அனுப்பினார்கள். எல்லா முகவரியையும் சிசியில் போட்டுவிட்டார்கள். மும்பையில் இருந்த ஒருவர், தன் அண்ணன் வரி பாக்கி வைத்திருக்கிற விவகாரத்தைக் கணக்கு எழுதுகிறவருக்கு மட்டும் சொல்வதாக நினைத்து 'ரிப்ளை ஆல்' அழுத்தினார். நாற்பது வீட்டிலும் அது படிக்கப்பட்டது. அடுத்த கொடைக்கு அண்ணன் குடும்பம் வரவில்லை. ரிப்ளை என்றால் அனுப்பியவருக்கு மட்டும், ரிப்ளை ஆல் என்றால் டு, சிசி இரண்டிலும் உள்ள அத்தனை பேருக்கும். முகவரிகளைப் பிசிசியில் போட்டிருந்தால் அந்தப் பொத்தானை அழுத்தினாலும் மற்ற வீடுகளுக்குப் போயிருக்காது. ஒருவர் முகவரியும் இன்னொருவருக்குத் தெரிந்திருக்காது.

ஃபார்வர்டு என்பது வந்ததை மூன்றாமவருக்குத் தள்ளிவிடுவது. அனுப்புமுன் கீழே இழுத்துப் பாருங்கள், பழைய உரையாடல் முழுக்க அதில் தொங்கிக்கொண்டிருக்கும். அழித்தவை டிராஷில் 30 நாள் இருக்கும், வேண்டாத மெயில் என்று ஒதுக்கப்பட்டு ஸ்பேமில் விழுந்தவையும் அப்படியே. வேலைக்கு எழுதிப் போட்டவர்கள் ஸ்பேமையும் வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள், நல்ல கடிதமும் அங்கே போய் விழுவதுண்டு.

வளைகுடா வேலைக்கு ஆள் போகிற ஊர்கள் நம் ஊர்கள். அதனால் ஏமாற்று மெயில் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். மெயிலில் மேலே தெரிகிற பெயர், அனுப்புகிறவர் தன் இஷ்டத்துக்கு எழுதிக்கொண்டது. உறையின் பின்பக்கம் அனுப்புநர் என்று யாரும் எதையும் எழுதலாம் அல்லவா, அதுபோல. பெயரைத் தொட்டால் அதன் பின்னால் உள்ள முகவரி விரியும். அதைக் கடைசியில் இருந்து படியுங்கள். மத்திய, மாநில அரசுத் தளங்களின் பெயர் பெரும்பாலும் 'கவ்.இன்' (gov.in) என்றோ 'என்ஐசி.இன்' (nic.in) என்றோ முடியும். 'கவ்' என்ற சொல் நடுவில் எங்கோ வந்து, முடிவில் வேறு ஏதோ இருந்தால் அது அரசு முகவரி ஆகாது. சில சின்ன அலுவலகங்கள் சாதாரண ஜிமெயில் முகவரியும் வைத்திருக்கின்றன, ஆகவே அதை மட்டும் வைத்துத் தள்ளிவிடவும் முடியாது. ஆனால் வேலை உத்தரவு என்று சொல்லி ஜிமெயிலில் வந்து, விசாவுக்கோ மெடிக்கலுக்கோ முன்பணம் கட்டச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பணம் போய்விட்டால் நேரம் கடத்தாமல் 1930 என்ற இணைய மோசடிப் புகார் எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தளவுக்குப் பணத்தை வழியில் மறிக்க வாய்ப்பு உண்டு.

முக்கூடல் அக்காவின் மகள் அன்றைக்கே தன் போனில் புது ஐடி போட்டாள். மீட்பு எண்ணாகத் தன் எண்ணைக் கொடுத்தாள். பாஸ்வேர்டை அவளே தட்டினாள், நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். முதல் மெயிலைத் தனக்கே அனுப்பி, அது இன்பாக்ஸில் வந்து விழுவதைப் பார்த்தாள். இரண்டாவது மெயில் அந்தக் கம்பெனிக்கு. பொருள் என்ற இடத்தில் 'முகவரி மாற்றம்' என்று எழுதி, விண்ணப்ப எண்ணையும் சேர்த்தாள். கீழே, பழைய முகவரி தன் வசம் இல்லாததால் அவர்கள் கடிதத்தைப் பார்க்க முடியவில்லை என்றும், அடுத்து இடம் வந்தால் இந்த முகவரிக்குத் தெரிவிக்கும்படியும் ஐந்து வரி.

"ஏட்டி, போயிருச்சா?" என்றார் அக்கா.

மகள் சென்ட் பகுதியைத் திறந்து, மெயில் போன நேரத்தை அம்மாவுக்குக் காட்டினாள்.